ஐரோப்பியப் பயணத்தில் ஜேப்படி: கை எப்படி நுழைகிறது, எதை எங்கே வைப்பது

2013 ஏப்ரல் 10 அன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் நாள் முழுவதும் மூடிக் கிடந்தது. தீயும் இல்லை, குண்டு மிரட்டலும் இல்லை. காட்சிக்கூடங்களுக்குள்ளேயே கும்பலாக வந்து பார்வையாளர்களின் பைகளில் கைவைப்பவர்களைத் தடுக்க முடியவில்லை, தடுக்கப் போனால் தங்களையே மிரட்டுகிறார்கள் என்று கூறி ஊழியர்கள் வேலைக்கு இறங்க மறுத்ததே காரணம். 2015 மே 22 அன்று ஈபிள் கோபுர ஊழியர்களும் இதே குறையைச் சொல்லி வேலையை நிறுத்தினார்கள். கோபுரம் பல மணி நேரம் மூடப்பட்டது.

இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. வளமான நாடுகள், மூலைக்கு மூலை கேமரா, சீருடையில் காவலர்கள் என்று எல்லாம் இருந்தும் இது ஏன் நிற்கவில்லை? பணத்தை இடுப்பில் கட்டிக்கொள்வதற்கு மேல் ஒரு பயணி செய்யக்கூடியது என்ன? தொழில் நடக்கும் விதம் புரிந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

## நான்கு வேறு திருட்டுகள்

பேச்சில் எல்லாவற்றையும் 'பிக்பாக்கெட்' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நான்கு வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பயன்படும் பாதுகாப்பு இன்னொன்றுக்குப் பயன்படாது.

1. ஜேப்படி. உடம்பில் இருக்கும் பொருளை உரியவர் அறியாமல் எடுப்பது. தமிழில் இதைச் செய்பவருக்கு 'முடிச்சவிழ்க்கி' என்று பழைய பெயர் உண்டு; வேட்டி மடிப்பிலும் முந்தானையிலும் காசை முடிந்துவைத்த காலத்தில் அந்த முடிச்சை ஓசையின்றி அவிழ்த்தவருக்கு வைத்த பெயர் அது.
2. பை தூக்குதல். நாற்காலி முதுகில் மாட்டிய பை, ரயிலின் மேல்தட்டில் வைத்த பெட்டி, ஓட்டல் காலை உணவுக் கூடத்தில் இடம் பிடிக்க வைத்த கைப்பை ஆகியவை காணாமல் போவது.
3. பறிப்பு. கையிலிருக்கும் கைப்பேசியையோ கழுத்துச் சங்கிலியையோ உரியவர் பார்க்கப் பார்க்கவே இழுத்துக்கொண்டு ஓடுவது. லண்டனில் மின்சார மிதிவண்டியில் வந்து கைப்பேசியைப் பறிப்பது பெரிய தொல்லையாகிவிட்டது.
4. பேச்சுக் கொடுத்து எடுத்தல். கையெழுத்து மனு, நூல் கயிறு, கீழே கிடந்ததாகக் காட்டும் மோதிரம், போலிக் காவலர் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

பயணக் காப்பீட்டிலும் இந்தப் பிரிவினைக்கு வேலை இருக்கிறது. ஆளில்லாமல் விட்டுச்சென்ற பையைப் பல ஒப்பந்தங்கள் திருட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

## கை எப்படி நுழைகிறது

ஜேப்படிக்காரர் பெரும்பாலும் தனியாள் இல்லை. ஒரு குழுவில் வேலை இப்படிப் பிரிந்திருக்கும்:

1. நோட்டம் பார்ப்பவர். பயணச்சீட்டு இயந்திரத்தின் அருகே நின்று, பர்ஸ் எந்தப் பையிலிருந்து வெளியே வருகிறது, எந்தப் பைக்குள் திரும்பிப் போகிறது, என்ன பின் எண் அழுத்தப்படுகிறது என்று பார்த்துக்கொள்பவர்.
2. மறிப்பவர். முன்னே நின்று வழியை அடைப்பவர்.
3. எடுப்பவர். பொதுவாகத் தோளில் ஒரு கோட்டோ கையில் ஒரு வரைபடமோ வைத்து, அதன் மறைவில் கையை நீட்டுபவர்.
4. வாங்கிக்கொள்பவர். எடுத்த பொருள் சில வினாடிகளில் இவர் கைக்குப் போய்விடும். சந்தேகப்பட்டு எடுத்தவரைப் பிடித்தாலும் அவரிடம் ஒன்றும் இருக்காது.

பார்சிலோனாவை எடுத்துக்கொள்வோம். விமான நிலையப் பேருந்தில் கத்தலூன்யா சதுக்கத்தில் இறங்கிய ஒரு குடும்பம், மெட்ரோவின் 3-ஆம் தடத்துக்குப் படியிறங்குகிறது. தந்தையின் இரண்டு கைகளிலும் பெட்டிகள்; பர்ஸ் கால்சட்டையின் முன்பையில். தாயின் ஒரு கையில் குழந்தை, தோளில் பை. வண்டி வருகிறது, கதவு திறக்கிறது. அவர்களுக்கு முன்னால் ஏறிய ஒரு பெண், வாசலிலேயே நின்று தடங்களின் படத்தை அண்ணாந்து பார்க்கிறார். பின்னால் இருப்பவர்கள் நெருக்குகிறார்கள். பெட்டியின் சக்கரம் இடுக்கில் மாட்டுகிறது. பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் குனிந்து அதைத் தூக்கிக் கொடுக்கிறார். தந்தை நன்றி சொல்கிறார். கதவு மூடும் ஒலி எழுகிறது. படம் பார்த்த பெண்ணும் பெட்டி தூக்கிய இளைஞரும், வண்டி மாறி ஏறிவிட்டவர்களைப் போல, மூடும் கதவின் வழியே வெளியே குதித்துவிடுகிறார்கள். வண்டி நகர்ந்த பிறகே தந்தையின் கை முன்பையைத் தொடுகிறது.

இதில் பர்ஸ் எடுக்கப்பட்டதை அவர் உணராததற்கு அசட்டை காரணமில்லை. உடம்பின் ஓரிடத்தில் பலமான அழுத்தம் இருக்கும்போது வேறிடத்தில் படும் மெல்லிய தொடுகை மனத்துக்கு எட்டுவதில்லை. அதோடு பெட்டி, குழந்தை, கதவு என்று மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும்போது நான்காவதற்கு இடமிருப்பதில்லை. ஆகவே 'ஜாக்கிரதையாக இரு' என்ற அறிவுரைக்கு அந்த மூன்று வினாடியில் மதிப்பில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பதை அந்த வினாடிகளுக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில், சக்ரே கேர் ஆலயத்தின் படிகளில் நடப்பது இதன் இன்னொரு வடிவம். ஒருவர் சிரித்த முகத்துடன் விரலைப் பிடித்து வண்ண நூலைச் சுற்றிக் கயிறு பின்னத் தொடங்குவார். ஒரு கை அவர் பிடியில் இருக்கிறது, கண் அந்தக் கையில் இருக்கிறது. கயிறுக்குக் காசு கேட்பது ஒரு பகுதி. பர்ஸைத் திறக்க வைத்து அது எங்கே இருக்கிறது என்று அறிவது மறுபகுதி. கையை நீட்டாமல், நிற்காமல் நடப்பது மரியாதைக் குறைவு ஆகிவிடாது.

இதே கணக்குதான் புகழ்பெற்ற மற்ற இடங்களையும் விளக்குகிறது. ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்து, லிஸ்பனின் 28-ஆம் எண் டிராம், மணிக்கொரு முறை எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் பிராக் நகரத்தின் வானியல் கடிகாரம், பாரிஸ் விமான நிலைய ரயில் ஆகிய எல்லாவற்றிலும் நெரிசல், புதியவர்கள், வேறெங்கோ போன பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

தோற்றத்தை வைத்து ஆளை அடையாளம் காண முயல்வது வீண், அநியாயமும் கூட. ஐரோப்பாவின் சிறுபான்மையினரான ரோமா இனத்தவர் மீது இந்தப் பழி தலைமுறைகளாகச் சுமத்தப்பட்டு வருகிறது. திறமையான ஜேப்படிக்காரர்களோ கழுத்தில் கேமராவும் கையில் சுற்றுலா வரைபடமுமாகப் பயணிகளைப் போலவே உடுத்துகிறார்கள். ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பயந்து விலகும்போது, பக்கத்தில் நிற்கும் நல்ல சட்டைக்காரரை நாம் பார்ப்பதில்லை.

## பிடித்தவர்களை ஏன் உள்ளே வைப்பதில்லை

காவலர்களுக்குப் பல நேரம் ஆட்கள் யாரென்றே தெரியும். 2023-இல் உலகெங்கும் பரவிய வெனிஸ் காணொளிகளில், 'அட்டென்சியோனே, பிக்பாக்கெட்!' (கவனம், ஜேப்படி!) என்று உரக்கக் கூவி எச்சரித்தவர் காவலர் இல்லை, அந்த ஊர்க் குடிமகள். சட்டம் எங்கே நழுவுகிறது என்பதை இரண்டு நாடுகளில் பார்த்தால் போதும்.

ஸ்பெயினின் குற்றவியல் சட்டத்தில் 400 யூரோவுக்கு மிகாத திருட்டு சிறு குற்றம். அதற்குச் சிறை கிடையாது. ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு நாள் கணக்கில் அபராதம். திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்டவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்க 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் முந்தைய வழக்குகள் தீர்ப்பாகி முடிந்திருந்தால்தான் அந்தக் கணக்கு எழும். திருடுபோன கைப்பேசியின் விலை 400 யூரோவைத் தாண்டும் என்று காட்ட முடிந்தால் வழக்கே வேறு தட்டுக்கு ஏறிவிடுகிறது. கைப்பேசி வாங்கிய ரசீதின் படத்தை மின்னஞ்சலில் வைத்திருப்பதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இத்தாலியில் 2022 டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த நீதித்துறைச் சீர்திருத்தம், பல வகைத் திருட்டுகளில் பாதிக்கப்பட்டவர் முறைப்படி புகார் கொடுத்தால் மட்டுமே வழக்கு நடத்தலாம் என்று வைத்தது. மறுநாள் வேறு ஊருக்கு ரயில் ஏற வேண்டிய சுற்றுலாப் பயணி காவல் நிலையத்தில் அரை நாள் உட்காரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும், திருடுபவர்களுக்கும் தெரியும். கையும் களவுமாகப் பிடிபட்டவரைக் கைது செய்வதற்கு 2023-இல் ஓரளவு வழி செய்யப்பட்டது. எனினும் வழக்கு நிற்பதற்குப் புகார் வேண்டும் என்ற அடிப்படை அப்போது மாறவில்லை.

சிறுவர்களின் நிலை இன்னும் வேதனையானது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 14 வயதுக்குக் கீழ் குற்றப் பொறுப்பு கிடையாது. அது சரியான சட்டமே. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பெரியவர்கள் பின்னால் இருக்கிறார்கள். சிறுமிகளை மெட்ரோவில் திருட வைத்து, அன்றன்றைய வசூலைப் பறித்துக்கொண்ட ஒரு கும்பலை 2013-இல் பாரிஸ் நீதிமன்றம் தண்டித்தது. மெட்ரோவில் பைக்குள் கைவிடும் பதின்மூன்று வயதுக் குழந்தையும் பல நேரம் ஒரு குற்றத்தின் பலிதான் என்பதை மறக்கக் கூடாது.

பயணிக்கு இவற்றால் வரும் விளைவு ஒன்றே. போன பொருள் திரும்பும் என்று எதிர்பார்த்துத் திட்டமிட முடியாது.

## பர்ஸைவிடப் பெரிய இழப்புகள்

பர்ஸில் இருந்த 60 யூரோ ஒரு நாள் வருத்தம். பயணத்தையே முறிப்பவை வேறு.

முதலாவது கடவுச்சீட்டு. இந்தியக் கடவுச்சீட்டு போனால் அதில் ஒட்டிய, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் போகிறது. அவசரத்துக்கு இந்தியத் தூதரகம் தருவது அவசரச் சான்றிதழ் என்ற தாள். அது இந்தியாவுக்கு ஒருவழியாகத் திரும்புவதற்கு மட்டுமே செல்லும். பாரிஸில் கடவுச்சீட்டை இழந்தவர் அடுத்து போட்டிருந்த சுவிட்சர்லாந்துத் திட்டத்தைக் கைவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை போனால் திங்கள்கிழமை வரை பெரும்பாலும் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கைப்பேசி. இதைத்தான் நம்மவர்கள் மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். நம் வங்கி வாழ்க்கை முழுவதும் ஓடிபி என்ற ஒற்றை நூலில் தொங்குகிறது. அந்த ஓடிபி வருவது கைப்பேசிக்குள் இருக்கும் சிம்முக்கு. திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் ஓடிபி அவருக்கு வரும், வாட்ஸ்அப்பும் அவர் கைக்குப் போகக்கூடும். மறுபுறம், கார்டை முடக்கவும் தூதரகத்தின் முகவரியைத் தேடவும் டிக்கெட்டைக் காட்டவும் தேவையான கருவி நம்மிடம் இல்லாமல் போகிறது. ஒரே திருட்டில் பூட்டும் சாவியும் சேர்ந்து போவது இதுதான்.

மூன்றாவது கார்டுகள். ஐரோப்பியக் கடைகளில் பொதுவாக 50 யூரோ வரை பின் எண் இல்லாமல் தொட்டுச் செலுத்த முடியும். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் இந்தியக் கார்டுக்கு ஓடிபி கேட்பதில்லை. பின் எண்ணை நோட்டமிட்ட பிறகு எடுக்கப்பட்ட கார்டு என்றால் நேராக ஏடிஎம்முக்குப் போகும்.

நான்காவது நகை. பாரிஸின் கார் து நோர் நிலையத்தை ஒட்டிய லாச்சப்பல் பகுதிக்கு மளிகை வாங்கவும் பிள்ளையார் கோயில் தேர் பார்க்கவும் வரும் நம் பெண்கள், ஊரில் அணிவதைப் போலவே சங்கிலியும் வளையலும் அணிந்து வருகிறார்கள். தெற்காசியப் பெண்ணின் கழுத்தில் இருப்பது கவரிங் இல்லை என்பது பறிப்பவர்களுக்குத் தெரியும். தாலிக்கொடியை லாக்கரில் வைத்துவிட்டு, பயண நாட்களுக்குத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வது நம் வழக்கத்துக்கு விரோதமானதும் இல்லை. மற்ற நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

## எதை எங்கே வைப்பது

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பயணிக்குக் கனத்தை முற்றிலும் தவிர்க்க வழியில்லை; ஆனால் அதை ஒரே மடியில் வைக்க வேண்டியதில்லை. எந்த ஒரு பொருள் போனாலும் மீதியைக் கொண்டு பயணம் தொடர வேண்டும் என்பதே இங்கே அளவுகோல். அந்த அளவுகோலின்படி மூன்று அடுக்குகள் போதும்.

1. தோல் அடுக்கு. ஆடைக்குள், இடுப்பில் ஒட்டிக் கிடக்கும் தட்டையான துணிப்பை. நம் பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் இடமும் இதுதான். கடவுச்சீட்டு, ஒரு கார்டு, சில நூறு யூரோ ஆகியவை இதில். முக்கியமான நிபந்தனை ஒன்று: இதைத் தெருவில் திறக்கவே கூடாது. கடை வாசலில் சட்டையைத் தூக்கிப் பணம் எடுத்த அந்த நிமிடமே இந்த அடுக்கு பயனற்றதாகிவிடுகிறது; தேவையென்றால் கழிப்பறைக்குள் போய் எடுக்கலாம்.
2. கை அடுக்கு. அன்றைய செலவுக்கான 40 அல்லது 50 யூரோவும் குறைந்த வரம்பு வைத்த ஒரு கார்டும். முன்பையில், முடிந்தால் ஜிப் உள்ள பையில். போனால் போகட்டும் என்ற தொகையே இங்கே இருக்க வேண்டும்.
3. அறை அடுக்கு. மூன்றாவது கார்டு, மீதிப் பணம், பழைய கைப்பேசி ஒன்று. ஓட்டல் பெட்டகத்தில். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய பாரெக்ஸ் கார்டு வாங்கும்போது வங்கி மாற்றுக் கார்டு கொடுத்தால், அது முதல் கார்டு இருக்கும் பர்ஸில் இருக்கக் கூடாது. சொல்வதற்கு எளிது, ஆனால் இரண்டையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு போவது வெகு சாதாரணமாக நடக்கிறது.

கடவுச்சீட்டை அறையில் வைப்பதா, உடம்பில் வைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வெளிநாட்டவர் அடையாள ஆவணத்தைக் கையில் வைத்திருப்பதைச் சட்டம் எதிர்பார்க்கிறது. வரித் தள்ளுபடிக்குக் கடைகளும் அசலைக் கேட்கும். ஆகவே அசலைத் தோல் அடுக்கில் வைத்து, முதல் பக்கத்தின் நகலையும் விசாப் பக்கத்தின் நகலையும் கை அடுக்கில் வைப்பதே ஏற்றது என்று கருதுகிறேன். தெருவில் சாதாரண உடையில் ஒருவர் அட்டையைக் காட்டி, 'போலீஸ்' என்று சொல்லிப் பர்ஸைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். நகலைக் காட்டி, காவல் நிலையத்துக்கு நடந்தே வருகிறேன் என்று சொன்னால் போலி ஆள் விலகிவிடுவார்.

குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோருடைய கடவுச்சீட்டையும் அப்பாவின் பையில் சேர்த்து வைப்பது வழக்கம். இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அந்த ஒரு பை போனால் நான்கு பேரின் பயணமும் முடிந்தது. ஆதார், பான் அட்டை, உள்ளூர் ஓட்டுநர் உரிமத்தின் அசல் போன்ற அங்கே பயன்படாதவற்றைப் புறப்படும் முன் பர்ஸிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிடலாம்.

கைப்பேசிக்கு வெளியிலிருந்து போடும் காவலைவிட உள்ளே செய்யும் மாற்றங்களே பயன் தரும்:

1. சிம்முக்குப் பின் எண் வைக்க வேண்டும். வேறு கருவியில் போட்டால் அந்த எண் இல்லாமல் சிம் இயங்காது. கருவிக்குள்ளேயே பதிந்த இசிம் என்றால் கழற்றவே முடியாது.
2. பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்ற வேண்டும்.
3. வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண்ணை வைக்க வேண்டும்.
4. ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த திருட்டுக்கால பாதுகாப்பு (Stolen Device Protection) வசதியை இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் பறிக்கப்பட்டால் தானே பூட்டிக்கொள்ளும் வசதி இப்போது உண்டு.
5. *#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது கருவியின் அடையாள எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கார்டுகளைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கியின் விதியே நமக்கு ஒரு கேடயம் தந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு, தொட்டுச் செலுத்துதல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் வரம்பு வைக்கவும் வங்கியின் செயலியில் வசதி இருக்க வேண்டும் என்பது 2020-இல் வந்த விதி. வெளிநாட்டு இணையப் பயன்பாட்டை மூடியே வைத்து, நாள் வரம்பைக் குறைத்துவிட்டுப் புறப்படலாம்.

கார்டைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள் என்று சொல்லி விற்கப்படும் அலைத்தடுப்புப் பர்ஸுகளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. கார்டின் சில்லு சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் பேசும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அது புதிய குறியீட்டைத் தருவதால், நகலெடுத்தும் பெரிய பயன் இல்லை. ஜிப் இடுக்கில் பந்துமுனைப் பேனாவை அழுத்தினாலே பிரிந்துவிடும் பெட்டிக்கு விலையுயர்ந்த பூட்டு போடுவதும் அப்படித்தான்.

## போன பிறகு முதல் சில மணி நேரம்

1. முதலில் கார்டுகள். உடன் வந்தவரின் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து முடக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் வங்கி எண்கள் ஒரு காகிதத்தில், பர்ஸுக்கு வெளியே இருந்தால்தான் இது நடக்கும். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. அடுத்து கைப்பேசி. வேறு கருவியிலிருந்து தொலைந்ததாகக் குறித்துப் பூட்ட வேண்டும், சிம்மையும் முடக்கச் சொல்ல வேண்டும். திரையில் இடம் காட்டுகிறதே என்று தேடிப் போகக் கூடாது. சில நாட்கள் கழித்து 'உங்கள் ஐபோன் கிடைத்துவிட்டது' என்று ஓர் இணைப்புடன் செய்தி வரலாம். கடவுச்சொல்லை வாங்கிப் பூட்டைத் திறப்பதற்காகத் திருடியவர்கள் அனுப்புவது அது.
3. பிறகு காவல் நிலையம். ஆபத்து என்றால் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. புகாரில் 'தொலைந்தது' என்று எழுதவிடாமல் 'திருடப்பட்டது' என்று எழுதச் சொல்லி, முத்திரையிட்ட நகலை வாங்க வேண்டும். பல காப்பீட்டு நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் கொடுத்த புகாரை மட்டுமே ஏற்கின்றன. ஷெங்கன் விசாவுக்காகக் கட்டாயம் எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. அதில் திருட்டு தானாகச் சேர்ந்திருக்காது. பொருள் இழப்புக்கும் ஈடு உண்டா என்று புறப்படும் முன்பே பார்க்க வேண்டும்.
4. கடைசியாகத் தூதரகம். புகார் நகல், கடவுச்சீட்டின் நகல், புகைப்படங்கள் ஆகியவை தேவைப்படும். தொலைந்ததாகப் பதிந்து ரத்தான கடவுச்சீட்டு பின்னர் கிடைத்தாலும் பயன்படாது என்பதால், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், நேரம் அனுமதித்தால், ஓட்டலிலும் திருட்டு நடந்த நிலையத்திலும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு கடவுச்சீட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பாரிஸில் கண்டெடுத்த பொருட்களுக்கான அலுவலகம் 15-ஆம் வட்டாரத்தின் மொரியோன் தெருவில் இருக்கிறது. அங்கும் கிடைக்கவில்லை என்றால் அவசரச் சான்றிதழ்தான் வழி. திரும்பும் விமானம் வேறொரு நாட்டில் மாறுவதாக இருந்தால், அந்த நாடு அந்தத் தாளை ஏற்குமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டு, தேவைப்பட்டால் டிக்கெட்டை நேரடி விமானத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.